வாசகர் கேள்வி–பதில்: ‘கிறிஸ்தவர்’ போய் ‘வெள்ளையர்’ வந்த கதை

போன இதழில், வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வர்ஜீனியாவில் 1619-இல் வந்திறங்கிய ஆப்பிரிக்கர்களைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. முப்பத்து நான்கு வருடம் வக்கீலாக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு வர்ஜீனியாவின் பழைய சட்டங்களைப் படிக்க ஆரம்பித்தேன். வில்லியம் வாலர் ஹெனிங் என்பவர் 1809 முதல் 1823 வரை அவற்றைப் 13 தொகுதிகளாக அச்சிட்டார். தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியர் சொன்ன ஒரு விஷயம் இதைப் படிக்கும்போது மிகவும் உதவியது: “சட்டத்தை எடுத்தால் முதலில் முகவுரையைப் படி. எந்தத் தொல்லைக்காக அதைக் கொண்டுவந்தார்கள் என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள்.” அப்படியே செய்தேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் வழக்கு, வலப்பக்கம் சட்டம் என்று குறித்துக்கொண்டே வந்தேன். கீழே வரும் பதில்கள் அந்த நோட்டிலிருந்துதான்.

கறுப்பர்கள் தாழ்ந்தவர்கள் என்று நினைத்ததால் அவர்களை அடிமையாக்கினார்களா, அல்லது அடிமையாக்கிய பிறகு அப்படி நினைக்கத் தொடங்கினார்களா?
— ஒரு கல்லூரி மாணவி

ஆராய்ச்சியாளர்கள் நடுவிலேயே பல பத்தாண்டுகளாக இது பெரிய வாக்குவாதம், அம்மா. என் முடிவைச் சொல்கிறேன். ஆப்பிரிக்கர் மேல் இளக்காரம் ஆங்கிலேயரிடம் முன்பே இருந்தது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் நூறு வருடத்துக்கு மேலாக ஆப்பிரிக்கர்களை விலைக்கு வாங்கி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோவதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ‘இந்த நிறத்தில் பிறந்தவன் சாகும்வரை அடிமை, அவன் வழியில் வருகிறவர்களும் அடிமை’ என்ற விதி 1619-இல் வர்ஜீனியாவில் எழுதப்படவில்லை. அதை ஒவ்வொரு வரியாக, உட்கார்ந்து எழுதினார்கள். முழுத் தொகுப்பாக அது 1705-இல் வந்தது. அந்த எண்பத்தாறு வருடத்தில்தான் இளக்காரம் இறுகி இனவெறி ஆயிற்று.

காரணம் புகையிலை. ஜேம்ஸ்டவுன் 1607-இல் தொடங்கிய குடியிருப்பு. முதல் சில வருடங்கள் பட்டினியும் சாவும்தான். 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் புகையிலை பயிரிட்டுப் பார்த்தார், லண்டனில் விலைபோனது. பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் ஏராளமாக இருந்தது, வேலைக்குத்தான் ஆள் இல்லை. 1618-இல் ஒரு விதி வந்தது: கப்பல் கட்டணம் கொடுத்து ஓர் ஆளை அழைத்துவந்தால் தலைக்கு 50 ஏக்கர். அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் ஏழை இளைஞர்கள். கப்பல் கூலிக்கு ஈடாக நான்கு முதல் ஏழு வருடம் உழைக்க வேண்டும். அவர்களையும் அடித்தார்கள், கைமாற்றி விற்றார்கள். பலர் தவணை முடியுமுன்பே காய்ச்சலில் செத்துப்போனார்கள். ஆப்பிரிக்கர் மிகக் குறைவு. 1625 கணக்கெடுப்பில் 1,200 பேரை ஒட்டிய குடியிருப்பில் ஆப்பிரிக்கர் 23 பேர்தான்.

நிறம் எப்போது தீர்ப்புக்குள் நுழைந்தது என்று தேடினால் 1640-இல் ஒரு வழக்கு கிடைக்கிறது. ஹியூ க்வின் என்ற தோட்டக்காரரிடமிருந்து மூன்று பணியாளர்கள் சேர்ந்து மேரிலாந்துக்கு ஓடினார்கள். விக்டர் டச்சுக்காரர், ஜேம்ஸ் கிரெகரி ஸ்காட்லாந்துக்காரர், ஜான் பஞ்ச் ஆப்பிரிக்கர். மூவரும் பிடிபட்டார்கள். மூவருக்கும் முப்பது சவுக்கடி. அதுவரைக்கும் சமம். அப்புறம் விக்டருக்கும் கிரெகரிக்கும், ஒப்பந்தத் தவணைக்கு மேல் எஜமானருக்கு ஒரு வருடமும் குடியேற்றத்துக்கு மூன்று வருடமும் கூடுதல் வேலை. ஜான் பஞ்சுக்கு ஆயுள் முழுவதும்.

ஒரே குற்றம், ஒரே இரவு, ஒரே ஓட்டம். தண்டனை ஏன் வேறானது என்பதற்குத் தீர்ப்பில் தனிக் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ‘மூன்றாமவர் ஒரு நீக்ரோ’ என்று மட்டும் இருக்கிறது. அந்தச் சொல்லே காரணமாகப் போதும் என்று நீதிபதிகள் நினைத்திருக்கிறார்கள். எத்தனையோ அநியாயத் தீர்ப்புகளைப் பார்த்தவன் நான். இந்தப் பக்கத்தைப் படித்த அன்று மேற்கொண்டு எதையும் படிக்க முடியவில்லை.

1619-இல் வந்தவர்கள் யார்? அவர்கள் அடிமைகளா, ஒப்பந்தப் பணியாளர்களா?
— ஒரு பள்ளி ஆசிரியர்

அவர்கள் அங்கோலாவிலிருந்து வந்தவர்கள். என்டோங்கோ நாட்டின் மேல் போர்ச்சுகீசியர் நடத்திய போரில் பிடிபட்டு, லுவாண்டா துறைமுகத்தில் ‘சாவோ ஜோவாவ் பட்டிஸ்டா’ என்ற கப்பலில் ஏற்றப்பட்டார்கள். கப்பல் மெக்சிகோவின் வெராகுரூஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஆங்கிலேயக் கொள்ளைக் கப்பல்கள் இரண்டு மறித்தன. அதில் ஒன்றான ‘ஒயிட் லயன்’ ஆகஸ்ட் கடைசியில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற முனையில் வந்து நின்றது. இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்களைக் கொடுத்து, பதிலுக்கு உணவுப்பொருள் வாங்கிக்கொண்டது. இதைக் கடிதத்தில் எழுதிவைத்தவர் அதே புகையிலை ஜான் ரோல்ஃப். வாங்கியவர்கள் ஆளுநர் ஜார்ஜ் யியர்ட்லியும், குடியேற்றத்தின் தலைமை வணிகர் ஏப்ரஹாம் பியர்சியும். அதே வருடம் ஜூலை 30-இல்தான் வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதம்கூட முழுதாக இல்லை.

அடிமைகளா என்றால், பிடித்து, சங்கிலி போட்டு, விற்று, வாங்கப்பட்டவர்கள். எவர் கையிலும் ஒப்பந்தம் இல்லை. அதனால் ‘ஒப்பந்தப் பணியாளர்’ என்று நாசூக்காகச் சொல்வது தவறு. ஆனால் அவர்கள் நிலையை வரையறுக்கும் சட்டம் அன்று இல்லாததால் சிலருக்கு வெளியே வர வழி கிடைத்தது. அதுதான் அடுத்த கேள்வி.

“அமெரிக்காவின் முதல் அடிமை எஜமானர் ஒரு கறுப்பர்தான்” என்று ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையா?
— பல வாசகர்கள்

உண்மை இல்லை. யியர்ட்லியும் பியர்சியும் 1619-இலேயே வாங்கிவிட்டார்கள். ஜான் பஞ்சுக்கு ஆயுள் அடிமைத்தனம் 1640-இல். அந்தப் பதிவு பேசும் ஆண்டனி ஜான்சனின் வழக்கு 1655-இல். தேதிகளை வரிசையாக வைத்தாலே விஷயம் முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையை இப்படி ஒரு வரியில் விட்டுவிட எனக்கு மனமில்லை.

1621-இல் ‘அன்டோனியோ, நீக்ரோ’ என்ற பெயரோடு வர்ஜீனியாவுக்கு வந்தவர் அவர். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பென்னெட் குடும்பத்தின் புகையிலைத் தோட்டத்தில் வேலை. 1622 மார்ச் 22-இல் பவ்ஹாட்டன் என்ற பூர்வகுடி மக்கள் ஆங்கிலேயக் குடியிருப்புகளைத் தாக்கியபோது, அந்தத் தோட்டத்தில் பிழைத்த சிலரில் இவரும் ஒருவர். அதே வருடம் மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண் அங்கே வந்தார். இருவரும் மணந்துகொண்டார்கள், பிள்ளைகளைப் பெற்றார்கள். எப்படியோ விடுதலையும் பெற்று, செசபீக் விரிகுடாவுக்குக் கிழக்கே நார்தாம்ப்டன் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். 1651-இல் ஐந்து ஆட்களுக்கான கணக்கில் 250 ஏக்கர் நிலம் ஜான்சன் பெயரில் பதிவானது. இரண்டு வருடம் கழித்து ஒரு தீவிபத்து, பெரிய நஷ்டம். மாவட்ட நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? இந்தத் தம்பதி முப்பது வருடத்துக்கு மேல் இங்கே வாழ்கிறார்கள், உழைப்புக்குப் பெயர் பெற்றவர்கள் என்று எழுதி, மேரிக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆயுள் முழுவதும் வரிவிலக்குக் கொடுத்தது. ஆங்கிலேயப் பெண்களுக்கு இல்லாத தலைவரியை ஆப்பிரிக்கப் பெண்கள் மேல் 1643-இலேயே போட்டிருந்தார்கள். அந்த வரியிலிருந்து விலக்கு.

ஜான்சனிடம் ஜான் கேசர் என்ற ஆப்பிரிக்கர் வேலை பார்த்தார். “ஏழெட்டு வருட ஒப்பந்தத்தில் வந்தேன், தவணை முடிந்தும் ஏழு வருடமாக விடவில்லை” என்பது அவர் முறையீடு. குடும்பத்தார் வற்புறுத்த ஜான்சன் முதலில் விட்டுவிட்டார். கேசர் பக்கத்துத் தோட்டக்காரர் ராபர்ட் பார்க்கரிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு ஜான்சன் வழக்குப் போட்டார். 1655 மார்ச்சில் தீர்ப்பு ஜான்சன் பக்கம். கேசர் திரும்பி வர வேண்டியதாயிற்று. அடிமையாக இருந்தவர் இன்னொருவரை ஆயுளுக்கும் பிடித்துவைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அது கேசருக்குச் செய்த அநியாயம், அவ்வளவுதான். அதற்காக, ஒரு கறுப்பரின் வழக்கில் பிறந்ததுதான் அடிமை முறை என்று சொல்ல முடியாது.

அந்தப் பதிவைப் பரப்புகிறவர்கள் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. 1660-களில் குடும்பம் மேரிலாந்துக்கு நகர்ந்தது. 1670-இல் ஜான்சன் காலமானார். அதே வருடம் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி கூடி, அவர் விட்டுவந்த நிலத்தைப் பற்றி முடிவெடுத்தது: அவர் நீக்ரோ, ஆகவே அந்நியர், நிலம் அரசுக்கே சேரும். 1653-இல் ‘முப்பது வருடக் குடிமக்கள்’, 1670-இல் ‘அந்நியர்’. அந்தப் பதினேழு வருடத்தில் ஜான்சன் மாறவில்லை. சட்டம் மாறியிருந்தது.

தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது எங்கிருந்து வந்தது? தந்தையின் குலத்தைத்தானே ஆங்கிலேயர் பார்ப்பார்கள்?
— ஓர் இல்லத்தரசி

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள் அம்மா. என் நோட்டிலேயே அதிகம் கோடிட்ட பக்கம் இதுதான். ஆங்கிலேய வழக்கத்தில் பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது. அதைத் தலைகீழாக்கக் காரணமாக இருந்தது ஒரு பெண்ணின் வழக்கு.

எலிசபெத் கீ 1630 வாக்கில் பிறந்தவர். தாய் ஆப்பிரிக்க அடிமைப் பெண். தந்தை தாமஸ் கீ ஆங்கிலேயர், சட்டமன்ற உறுப்பினர். தந்தை அவளைத் தன் மகள் என்று ஒப்புக்கொண்டு, 1636-இல் ஹம்ஃப்ரி ஹிக்கின்சன் என்பவரிடம் ஒன்பது வருடத் தவணைக்கு ஒப்படைத்தார். ஞானஸ்நானமும் ஆகியிருந்தது. தந்தை இறந்தார். தவணையும் முடிந்தது. ஆனால் எலிசபெத் வேறொரு கை மாறி ஜான் மாட்ரம் என்பவரின் வீட்டில் சிக்கிக்கொண்டார். மாட்ரம் 1655-இல் இறந்தபோது சொத்துக் கணக்கில் அவரை நீக்ரோக்களோடு சேர்த்து எழுதினார்கள். எலிசபெத் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட், எலிசபெத்தின் மகனுக்குத் தந்தை. வாதங்கள் மூன்று: தந்தை சுதந்திர ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர், தவணை எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு வக்கீலாகச் சொல்கிறேன், மூன்றும் கெட்டியான வாதங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் வெற்றி, மேல்முறையீட்டில் தோல்வி, சட்டமன்றக் குழு வரை போய் 1656 ஜூலையில் விடுதலை. அதே மாதம் இருவரும் மணந்துகொண்டார்கள்.

இடப்பக்கம் முடிந்தது. இனி வலப்பக்கம்.

1662 டிசம்பர். சட்டத்தின் முகவுரை: ஆங்கிலேயனுக்கும் நீக்ரோப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளைகள் அடிமையா, சுதந்திரரா என்று ‘சில சந்தேகங்கள் எழுந்திருப்பதால்’. விதி: பிள்ளை தாயின் நிலையையே பெறும். எலிசபெத்தின் முதல் வாதம் போயிற்று. இன்னொரு விளைவையும் யோசித்துப் பாருங்கள். எஜமானர் தன் அடிமைப் பெண்ணைப் பலாத்காரம் செய்தால், பிறக்கும் குழந்தை அவருக்கே சொத்து. பெற்ற பிள்ளையைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளலாம், விற்கலாம். தந்தை என்ற பொறுப்பிலிருந்து அந்த வர்க்கத்து ஆண்கள் அத்தனை பேரையும் ஒரே வாக்கியத்தில் விடுவித்துவிட்டார்கள். அந்தச் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்.

1667 ஆகஸ்ட். லோயர் நார்ஃபோக் மாவட்டத்தில் ஃபெர்னாண்டோ என்ற ஆப்பிரிக்கர் விடுதலை கேட்டு வழக்காடினார். தான் கிறிஸ்தவர், பல வருடம் இங்கிலாந்தில் இருந்தவர் என்பது அவர் வாதம். அத்தாட்சியாகச் சில தாள்களைக் கொடுத்தார். அவை போர்ச்சுகீசிய மொழியிலோ வேறு ஏதோ மொழியிலோ இருக்கின்றன, நீதிமன்றத்துக்குப் புரியவில்லை என்று குறித்துவிட்டு வழக்கைத் தள்ளினார்கள். மொழிபெயர்க்க ஓர் ஆளைக்கூடத் தேடவில்லை. அடுத்த மாதமே சட்டம்: ஞானஸ்நானம் பெறுவதால் அடிமையின் நிலை மாறாது. முகவுரையில் மறுபடியும் ‘சில சந்தேகங்கள் எழுந்திருப்பதால்’. எலிசபெத்தின் இரண்டாவது வாதமும் போயிற்று.

1669-இல் இன்னொன்று. எஜமானர் தண்டிக்கும்போது அடிமை செத்துப்போனால் அது கொலைக்குற்றம் ஆகாது. காரணம்? எவனும் தன் சொத்தைத் தானே வேண்டுமென்று அழிக்க மாட்டான். இதை ஒரு சட்டக் காரணமாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

ஏழை வெள்ளையர்களும் அடிமைகளும் ஒன்றாகவே கஷ்டப்பட்டவர்கள் என்கிறீர்கள். அப்படியானால் ஏன் ஒன்று சேரவில்லை?
— ஒரு தொழிற்சங்க நண்பர்

சேர்ந்தார்கள், தோழரே. ஜான் பஞ்ச் தனியாக ஓடவில்லை என்பதை மறக்காதீர்கள். சேர்ந்து ஓடினார்கள், சேர்ந்து குடித்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். இதற்கு அத்தாட்சி அதைத் தடுக்க வந்த சட்டங்கள்தான். யாரும் செய்யாத ஒன்றைத் தடைசெய்ய எந்தச் சட்டமன்றமும் மெனக்கெடாது.

1676-இல் நத்தானியேல் பேக்கன் என்ற இளம் தோட்டக்காரர் ஆளுநர் வில்லியம் பெர்க்லிக்கு எதிராகக் கலகம் செய்தார். இந்தக் கலகத்தை ஏழைகளின் புரட்சி என்று புகழ்ந்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பூர்வகுடிகளை அழிக்க ஆளுநர் போதிய படை கொடுக்கவில்லை என்பதில்தான் அது தொடங்கியது. ஆங்கிலேயரோடு நட்பாக இருந்த பமங்கி மக்களைக்கூட பேக்கன் விட்டுவைக்கவில்லை. ஆனால் தன்னோடு சேரும் பணியாளருக்கும் அடிமைக்கும் விடுதலை என்று அவர் அறிவித்ததும் இரு நிறத்தவரும் ஆயுதத்தோடு வந்தார்கள். செப்டம்பரில் ஜேம்ஸ்டவுன் எரிந்தது. அக்டோபரில் பேக்கன் நோயில் இறந்துபோனார். தலைவன் போன பிறகும் கலகக்காரர்கள் கலையவில்லை. கப்பல் தலைவர் தாமஸ் கிரான்தம் போய்ப் பேசியபோது பலர் ஆயுதத்தை வைத்துவிட்டார்கள். கடைசிவரை மறுத்தவர்கள் நூறு பேர்: எண்பது கறுப்பர், இருபது ஆங்கிலேயர். பத்திரமாக அனுப்புகிறேன் என்று ஏமாற்றி அவர்களைப் படகில் ஏற்றி, பீரங்கியைக் காட்டி மடக்கி, எஜமானர்களிடம் திருப்பிக் கொடுத்தார் கிரான்தம்.

அந்த நூறு பேரை வர்ஜீனியாவின் பெரிய மனிதர்கள் மறக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். பொருளாதாரமும் அதே பக்கம் தள்ளியது. இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 1672-இல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி என்ற ஆங்கிலேய ஆள்வணிக நிறுவனம் அமைந்தது. 1698-இல் அதன் ஏகபோகம் போனதும் ஆள்வணிகம் இன்னும் பெருகியது. தோட்டங்களில் ஆப்பிரிக்கர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அவர்களை ஒரு பக்கம் நிறுத்தி ஏழை ஆங்கிலேயர்களை மறுபக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது.

இங்கே சொற்களைக் கவனியுங்கள். 1670 சட்டம்: சுதந்திரமான நீக்ரோவோ பூர்வகுடியோ, ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும், ‘கிறிஸ்தவ’ப் பணியாளரை விலைக்கு வாங்கக் கூடாது. 1680: அடிமை ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, சீட்டு இல்லாமல் தோட்டத்தைவிட்டுப் போகக் கூடாது, எந்தக் ‘கிறிஸ்தவர்’ மேலாவது கை ஓங்கினால் முப்பது சவுக்கடி. ஆனால் அடிமைகளும் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால்? ‘கிறிஸ்தவர்’ என்ற வேலியைத் தாண்ட முடியும். தோலை யாராலும் தாண்ட முடியாது. ஹெனிங்கின் மூன்றாம் தொகுதியில், 1691-ஆம் வருடச் சட்டத்தில், ‘ஆங்கிலேயரோ வேறு வெள்ளையரோ’ என்று வருகிறது. என் நோட்டில் ‘வெள்ளையர்’ என்ற சொல் நுழைவது அங்கேதான். அந்தச் சட்டம் எதற்காக? வெள்ளையர் ஒருவர் நீக்ரோவையோ கலப்பினத்தவரையோ பூர்வகுடியையோ மணந்தால் மூன்று மாதத்துக்குள் நாடுகடத்தல். அடிமையை விடுதலை செய்தால் அவரை ஆறு மாதத்துக்குள் குடியேற்றத்தைவிட்டே வெளியே அனுப்ப வேண்டும், செலவு எஜமானருடையது.

1705-இல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொகுத்தார்கள். அடிமை இனி நிலத்தைப் போல அசையாச் சொத்து. ஏழை வெள்ளையருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் அதே தொகுப்பில் இருக்கிறது. தவணை முடிந்த ஆண் பணியாளருக்குப் பத்து புஷல் (பழைய தானிய அளவை) சோளம், 30 ஷில்லிங், 20 ஷில்லிங் பெறுமான ஒரு துப்பாக்கி. பெண்ணுக்குப் பதினைந்து புஷல் சோளம், 40 ஷில்லிங். வெள்ளைக் கிறிஸ்தவப் பணியாளரை நீதிபதியின் உத்தரவு இல்லாமல் நிர்வாணமாக்கிச் சவுக்கால் அடிக்கக் கூடாது. அப்புறம், அடிமைகள் தாங்கள் வளர்த்துச் சேர்த்திருந்த குதிரை, மாடு, பன்றிகளைப் பறித்து விற்று, அந்தப் பணத்தைத் தேவாலய நிர்வாகிகள் ஊர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்தக் கடைசி விதியில் இருக்கிறது. ஒருவனுடைய பன்றியைப் பிடுங்கி, நேற்றுவரை அவனோடு சேர்ந்து வேலைசெய்தவன் கையில் கொடுத்தார்கள்.

நோவாவின் சாபத்தால்தான் கறுப்பர்கள் அடிமைகள் ஆனார்கள் என்று பைபிளில் இருக்கிறதா?
— ஒரு வாசகர்

இல்லை. ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். “கானான் சபிக்கப்பட்டவன், தன் சகோதரரிடத்தில் அடிமைகளுக்கு அடிமையாயிருப்பான்” என்று இருக்கிறது. சாபம் நோவாவின் பேரனுக்கு, அதாவது காமின் மகனான கானானுக்கு. தோலின் நிறத்தைப் பற்றி அந்த அதிகாரத்தில் ஒரு சொல்கூட இல்லை. அடிமை வணிகத்தை நியாயப்படுத்தியவர்கள் பிற்பாடு நிறத்தை அதில் ஏற்றினார்கள். வர்ஜீனியாவில் மதம் முதலில் எஜமானர்களைப் பயமுறுத்தத்தான் செய்தது. 1667 சட்டத்தையே பாருங்கள்.

இந்தியர்கள் யாராவது அங்கே அடிமையாக இருந்தார்களா?
— ஒரு மாணவர்

இருந்தார்கள், தம்பி. ஜார்ஜ் மெனிஃபி என்ற தோட்டக்காரர், தான் அழைத்துவந்த ஆட்களின் கணக்கைக் காட்டி 1635-இல் நிலம் கேட்டார். அந்தப் பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியர்’ என்று ஒரு பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் வழியாக லண்டனுக்குப் போய், அங்கிருந்து வர்ஜீனியாவுக்கும் மேரிலாந்துக்கும் பணியாளராகச் சென்றவர்கள் அடுத்த நூற்றாண்டிலும் உண்டு. நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரிக்கும் சட்டங்கள் வந்த பிறகு அவர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். கறுப்பர், கலப்பினத்தவர் என்று ஏதாவது ஒரு பெட்டிக்குள் அவர்களைத் தள்ளினார்கள். டோனியைப் பற்றி அந்த ஒரு வரிதான். 50 ஏக்கருக்கான கணக்கில் ஒரு தலை.

வடக்குப் பகுதி இந்தப் பாவத்தில் சேரவில்லைதானே?
— ஒரு வாசகி

சேர்ந்தது. அடிமை முறையைச் சட்டத்தில் ஏற்ற முதல் ஆங்கிலக் குடியேற்றமே மாசச்சூசெட்ஸ்தான், 1641-இல். அதற்கு மூன்று வருடம் முன்பே, போரில் பிடித்த பீக்வாட் பூர்வகுடிகளைத் தீவுகளுக்கு அனுப்பி விற்றுவிட்டு ஆப்பிரிக்கர்களோடு பாஸ்டன் திரும்பியது ‘டிசையர்’ என்ற கப்பல்.

அந்தக் காலத்தில் ஒருவருக்குக்கூட இது தவறு என்று தோன்றவில்லையா?
— ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை

தோன்றியது. “அந்தக் காலம் அப்படி” என்று சமாதானம் சொல்கிறவர்களிடம் நான் 1688-ஐ எடுத்துக்காட்டுவேன். பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு ஒரு மனு எழுதினார்கள்: கேரட் ஹென்டரிக்ஸ், டெரிக் ஒப் டென் கிராஃப், ஆபிரகாம் ஒப் டென் கிராஃப், பிரான்சிஸ் டேனியல் பாஸ்டோரியஸ். பிறர் நமக்குச் செய்யக்கூடாது என்று நினைப்பதை நாமும் பிறருக்குச் செய்யக்கூடாது, இதில் நிறமோ பிறப்போ பார்க்க இடமில்லை என்பது அதன் சாரம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தங்கள் சபைக்கே அதைக் கொடுத்தார்கள். மாதக் கூட்டம் இது கனமான விஷயம் என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அது வருடாந்திரக் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கே ஓரத்தில் வைத்துவிட்டார்கள். பிலடெல்ஃபியா குவேக்கர்கள் தங்கள் உறுப்பினர் அடிமை வைத்திருக்கக் கூடாது என்று தடை போட்டது 1776-இல்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சுதந்திரமான கறுப்பர்களிடமிருந்த வாக்குரிமையை வர்ஜீனியா 1723-இல் பறித்தது. லண்டனில் குடியேற்றச் சட்டங்களைப் பரிசீலித்த வழக்கறிஞர் ரிச்சர்ட் வெஸ்ட் அதைப் படித்துவிட்டு, வெறும் நிறத்துக்காக ஒரு சுதந்திர மனிதரை இன்னொருவரைவிட மோசமாக நடத்த என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினார். அந்த ஆட்சேபம் கிடப்பில் கிடந்து, 1736-இல்தான் துணை ஆளுநர் வில்லியம் கூச் பதில் எழுதினார். சுதந்திரம் பெற்ற நீக்ரோக்கள் மேலும் கலப்பினத்தவர் மேலும் நீங்காத ஒரு முத்திரை குத்தத்தான் அப்படிச் செய்தோம் என்று. ஒரு வக்கீல் கேட்ட நேரான கேள்விக்கு நேரான பதில். இனவெறி வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது என்று இதைவிடத் தெளிவான வாக்குமூலம் என் நோட்டில் இல்லை.

உங்கள் நோட்டில் உங்களால் மறக்க முடியாத குறிப்பு எது?
— முதல் கேள்வி கேட்ட அதே மாணவி

1677-ஆம் வருடத்தது, அம்மா. ஆண்டனி ஜான்சனுக்கு ஜான் என்று ஒரு பேரன். தாத்தாவை ‘அந்நியர்’ என்று சொல்லி நிலத்தைப் பறித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. பேரன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கினார். நிலத்துக்குப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். பத்திரத்தில் அவர் எழுதவைத்த பெயர் ‘அங்கோலா’. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தக் குடும்பம் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை தேடினாலும் அந்தப் பக்கத்தில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.